மழையும் நிலநடுக்கமும்: மலையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கம்பம் மெட்டு ஏறி குமுளி, வண்டிப்பெரியார், ஏலப்பாறை என்று போனால், ஆடி மாதம் நாலு நாள் விடாமல் மழை கொட்டும்போது டீக்கடையில் இரண்டு கேள்விகள் கண்டிப்பாகக் காதில் விழும். பெரியாறு அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்பது ஒன்று. இவ்வளவு தண்ணீர் சேருகிறதே, பூமி ஆடிவிடாதா என்பது இன்னொன்று. பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாமல் புழுங்கினால் பேச்சு அப்படியே மாறும்: இந்த மாதிரி இறுக்கமாக இருந்தால் பூமிக்கு ஆகாது, ஏதோ நடக்கப் போகிறது என்பார்கள். மழையும் காரணம், மழை இல்லாததும் காரணம் என்றால் இரண்டில் ஒன்றாவது தப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முழுக்க மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் இதில் ஒரு பாதிக்கு உண்மையிலேயே அறிவியல் ஆதாரம் இருக்கிறது. எந்தப் பாதிக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் மலையில் இருக்கும் நம் ஆட்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தப் பக்கம் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1900 பிப்ரவரி 8, கோயம்புத்தூர்ப் பக்கம், அளவு ஏறத்தாழ 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட நிலநடுக்கம் அது. 1988 ஜூன் மாதம் நெடுங்கண்டத்தில் 4.5. 2000 டிசம்பர் 12 காலையில் ஈராட்டுப்பேட்டை, பூஞ்ஞாறு பக்கம் 5.0, இடுக்கியிலும் தேனியிலும் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே ஓடிவந்தவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2001 ஜனவரி 7 அன்று அதே பகுதியில் 4.8. அப்புறம் 2011இல் இடுக்கியில் வந்த சிறு அதிர்வுகள், அவற்றைத் தொடர்ந்து முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் கொதித்த கொதிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். பிப்ரவரி வறண்ட மாதம். ஜூன் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் மாதம். டிசம்பர் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, முடியும் நேரம். ஜனவரியில் பனி. ஒரே பருவத்தில் வந்து குவியவில்லை என்பது இந்தச் சின்னப் பட்டியலிலேயே தெரிகிறது, ஆனால் நாலைந்து நிகழ்வை வைத்து எந்த முடிவுக்கும் போகக் கூடாது, அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

2001இல் இன்னொன்றும் நடந்தது. ஜனவரியில் பூமி ஆடிய அதே கோட்டயம் மாவட்டத்தில் ஜூலை கடைசியில் சிவப்பு மழை பெய்தது. சட்டையில் கறை பிடிக்கிற அளவுக்குச் சிவப்பு. பூமி ஆடியதற்கும் மழை சிவந்ததற்கும் முடிச்சுப் போட்டுப் பேசாதவர்களே அப்போது இல்லை. ஆய்வில் அது மரத்திலும் பாறையிலும் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துகள் என்று தெரிந்தது. அடுத்தடுத்து நடந்தவை ஒன்றால் ஒன்று நடந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. பயந்திருக்கும்போது இன்னும் கூடுதலாகத் தோன்றும்.

புழுக்கத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள கதை மிகப் பழையது. பூமிக்குள் அடைபட்ட காற்று வெளியேற முட்டுவதால்தான் நிலம் நடுங்குகிறது, அதனால் வெளியே காற்றில்லாத அமைதியான நேரத்தில்தான் பெரிய நடுக்கங்கள் வரும் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். நம் நாட்டில் வராகமிகிரரும் பிருகத் சம்ஹிதையில் நிலநடுக்கத்தின் அறிகுறிகளாக மேகங்களையும் காற்றையும் பேசுகிறார். கருவி எதுவும் இல்லாத காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான், அதைப் பார்த்துச் சொன்னார்கள். இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். பகல் வெயிலின் சூடு மண்ணுக்குள் ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசமே பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் மங்கி மறைந்துவிடும். நிலநடுக்கம் தொடங்குவதோ கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில். மேலே எவ்வளவு புழுங்கினாலும் அங்கே இருக்கும் பாறைக்கு அது தெரியாது. மேகத்தின் உருவத்துக்கும் இதே பதில்தான்.

சரி, சூட்டை விடுவோம், காற்றழுத்தம்? புயல் வந்தால் அழுத்தம் இறங்குகிறதே, மேலே இருந்த பாரம் குறைந்தால் பாறை நகராதா? நியாயமான கேள்வி. கடுமையான புயலில் நடுப்பகுதியின் அழுத்தம் 50 மில்லிபார் அளவுக்கு இறங்கலாம். தண்ணீரில் சொன்னால் அது அரை மீட்டர் ஆழத் தண்ணீரை எடுத்துவிட்டதற்குச் சமம். சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வுநிலை என்றால் ஐந்து பத்து சென்டிமீட்டர்தான். ஒரு நிலநடுக்கத்தின்போது பாறையிலிருந்து விடுபடும் இறுக்கமோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை. புயல் குறைப்பது அதே வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. அதனால் புயல் நிலநடுக்கத்தை உண்டாக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி நொடியில் அதைத் தட்டிவிடுமா என்று மட்டும் கேட்கலாம்.

தைவானில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஆழ்துளைகளில் நுட்பமான கருவிகளை வைத்துப் பார்த்ததில், 2002 முதல் 2007 வரை ஆழத்திலிருக்கும் பிளவு சட்டென்று ஆடாமல் மணிக்கணக்கில் மெதுவாக நழுவும் மெது நிலநடுக்கங்கள் இருபது பதிவாயின. அவற்றில் பதினொன்று சூறாவளி கடக்கும் நேரத்தோடு ஒத்துப்போனதாக 2009இல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் செய்தியானது. அப்புறம் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து, சூறாவளியோடு வந்த மழையின் பாரத்தையே கருவி காட்டியிருக்கலாம் என்று மறுத்தார்கள். முதல் செய்தி போன தூரத்துக்கு மறுப்பு போகவில்லை, இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது இது.

நிலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள், அதனால் சுனாமிக்கும் பௌர்ணமிக்கும் தொடர்பு உண்டு என்பது நம் கடற்கரையில் ஊறிப்போன பேச்சு. நிலவின் இழுப்பில் கடல் மட்டுமல்ல, தரையும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அந்த இறுக்கம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் சில பங்குதான், ஆனால் மிகப் பெரிய நிலநடுக்கங்கள் அந்த இறுக்கம் கூடிய நேரத்தில் வருவதற்கான வாய்ப்பு சற்றே அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வருடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பௌர்ணமி வருகிறது. மற்றவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனிதான் தண்ணீர். உண்மை இருக்கும் பாதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

இந்தியத் தட்டு வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வடக்கே போய் ஆசியாவோடு மோதிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளுமுள்ளின் இறுக்கம் தீபகற்பத்தின் அடிப்பாறை வரைக்கும் பரவுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய பிளவுகள் இருக்கின்றன, இறுக்கம் அங்கே மெல்ல மெல்லச் சேரும். ஏற்றத்தில் நிறுத்திய ஜீப்பின் டயருக்கு அடியில் கல் கொடுத்து வைக்கிறோம் இல்லையா, பிளவின் இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால் உண்டாகும் உராய்வு அந்தக் கல் மாதிரி. ஜீப்பை இழுப்பது சரிவு, கல் அல்ல. மழைத் தண்ணீரால் செய்ய முடிந்ததெல்லாம் அந்தக் கல்லைக் கொஞ்சம் அசைப்பதுதான். ஜீப் சமதளத்தில் நின்றால் கல்லை எடுத்தாலும் அது அங்கேயே நிற்கும்.

தண்ணீர் இதை இரண்டு வழியில் செய்கிறது. ஒன்று பாரம்: பத்து மீட்டர் தண்ணீர் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம், நூறு மீட்டர் ஆழ நீர்த்தேக்கம் என்றால் அடியில் பத்து மடங்கு. இரண்டாவது வழிதான் வலிமையானது: பாறையின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் தண்ணீர் ஊறி இறங்கும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் நீரின் அழுத்தம் கூடுகிறது, அது பிளவின் இரு பக்கத்தையும் உள்ளிருந்து விலக்கப் பார்க்கிறது, இறுகப் பிடித்திருந்த உராய்வு குறைகிறது. பாரம் உடனே தெரியும். ஊறல் கீழே போய்ச் சேர வாரங்களோ மாதங்களோ ஆகும். அதனால்தான் இன்றைக்குக் கொட்டும் மழைக்கும் இன்றைக்கு ஆடிய பூமிக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது.

உலகத்துக்கே பாடமான இடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது, மகாராஷ்டிரத்தின் கொய்னா. 103 மீட்டர் உயர அணை. 1960களின் தொடக்கத்தில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள், சின்னச் சின்ன அதிர்வுகளும் ஆரம்பித்தன. தீபகற்பம் அசையாத பழைய பாறை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1967 டிசம்பர் 11 அதிகாலை 6.3 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். மழை முடிந்து மாதக்கணக்கான பிறகு, டிசம்பரில். அதற்கப்புறமும் அங்கே நிற்கவில்லை: பருவமழையில் நீர்மட்டம் வேகமாக ஏறிய பிறகும், பின்னால் இறங்கும் காலத்திலும் அதிர்வுகள் கூடுவதை ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் பதிவு செய்கிறார்கள். 5 அளவைத் தாண்டியவை மட்டுமே இருபதுக்கும் மேல்.

அணையே இல்லாமல் மழை மட்டும் இதைச் செய்யுமா? செய்திருக்கிறது, ஜெர்மனியின் பவேரியாவில் ஹோக்ஸ்டாவ்ஃபன் என்ற மலையில். சுண்ணாம்புப் பாறை, வெடிப்புகள் அதிகம், தண்ணீர் சட்டென்று உள்ளே போகும். 2002இல் அங்கே கனமழை பெய்த காலங்களில், மழைக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து, சிறு நடுக்கங்கள் கூட்டமாக வந்தன. அந்த ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் மிகப் பெரியதே 2.4 அளவுதான், கருவி இல்லாவிட்டால் பெரும்பாலானவை யாருக்கும் தெரிந்திருக்காது. மழை தன் பலத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்று நினைக்கிறேன். நேபாளத்தில் வேறு விதம்: பருவமழைத் தண்ணீர் கங்கைச் சமவெளியில் தேங்கும் பாரத்தில் இமயத்தின் இறுக்கம் கோடையில் சற்றுத் தளர்கிறது, வடிந்த பிறகு குளிர்காலத்தில் கூடுகிறது, சிறு நடுக்கங்களும் குளிர்காலத்தில் கூடுகின்றன. அழகான ஒழுங்கு. ஆனால் பெரியவை எப்போது வந்தன என்று பாருங்கள்: 1897 ஷில்லாங் ஜூன் மாதம், 1934 பீகார் ஜனவரி, 1950 அசாம் ஆகஸ்ட் 15, நடு மழைக்காலம், அளவு 8.6. 2015 நேபாளம் ஏப்ரல். பெரிய நிலநடுக்கத்துக்கு நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்த இறுக்கம் வேண்டும், அது பருவம் பார்ப்பதில்லை.

இப்போது இடுக்கிக்கு வருவோம். இடுக்கி அணையின் உயரம் 169 மீட்டர், தேக்கத் தொடங்கி ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. சுற்றிலும் குளமாவு, ஆலடி போன்ற இடங்களில் கேரள மின்வாரியம் நிலநடுக்கமானிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முல்லைப் பெரியாறு 1895இல் முடிந்தது, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை தேக்கலாம், அதாவது அடியில் 43 மீட்டர் தண்ணீர். 136 அடியிலிருந்து 142 அடிக்கு ஏறினால் கூடுவது ஆறு அடி, இரண்டு மீட்டருக்கும் குறைவு, வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆறு அடி புதிதாக நிலநடுக்கத்தைக் கொண்டுவரும் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் வலு இல்லை. நிலநடுக்கம் வந்தால் பழைய சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் பொடி) கட்டுமானம் தாங்குமா என்பது முற்றிலும் வேறு கேள்வி, பொறியியல் கேள்வி. அணைக்குக் கீழே வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாரிலும் இருக்கும் மக்கள் அதைக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, அங்கே இருப்பவர்களில் நிறையப் பேர் தமிழர்கள்தானே. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிச் செய்தியாக்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

எரிமலைப் பக்கம் மழையின் கை இன்னும் கொஞ்சம் நீளமானது, ஏனென்றால் எரிமலையின் உச்சி மழைக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. கரீபியக் கடலில் மாண்ட்செராட் தீவின் எரிமலையில் இறுகியும் இறுகாமலும் குவிந்திருந்த சூடான பாறைக் குவியல் கனமழையில் பல தடவை சரிந்து, அனல் மேகமாக இறங்கியிருக்கிறது. ஹவாயின் கிலாவியா 2018இல் வெடித்ததற்கு அந்த வருடத் தொடக்கத்தின் அசாதாரண மழைதான் காரணம் என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த எரிமலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், உள்ளே மாக்மாவின் (உருகிய பாறைக் குழம்பின்) அழுத்தம் ஏறியது முன்பே தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, மழை தேவையே இல்லை என்று மறுத்தார்கள். மறுப்பின் பக்கம்தான் எனக்கு வலு தெரிகிறது. பருவநிலை மாற்றம் எரிமலைகளை எழுப்புமா என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்து உதாரணம்: பனியுகம் முடிந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கனமான பனி உருகியபோது, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே எரிமலைச் சீற்றம் பல மடங்கு கூடியது. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு, நாலு வருடம் மழை கூடியதால் நடப்பது அல்ல.

எதிர்த்திசையில்தான் தொடர்பு பெரியது: எரிமலை வானிலையை மாற்றும், சந்தேகமே இல்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததால் 1816இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை, பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடூபோ மேலே அனுப்பிய கந்தக வாயுவால் பூமியின் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. அந்த பினாடூபோவில் வானிலையும் எரிமலையும் நிஜமாகவே ஒரே நாளில் சந்தித்தன: ஜூன் 15 பெரிய வெடிப்பு நடந்த அன்றே யூன்யா சூறாவளி மேலே கடந்தது. எரிமலையைச் சூறாவளி வெடிக்க வைக்கவில்லை, அது வாரக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் விழுந்த சாம்பல் மழையில் நனைந்து ஈரச் சிமெண்ட் மாதிரி கனத்ததில் கூரைகள் இடிந்து விழுந்தன. வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பகுதி அந்தக் கூரைகளுக்கு அடியில் இருந்தவர்கள்.

நம் மலைக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. மழை இங்கே ஆட்களைக் கொல்வது பூமியின் ஆழத்தில் எதையோ அசைத்து அல்ல, மேலே நாம் நிற்கும் மண்ணை நனைத்துத்தான். அதே விதி: மண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறும், உராய்வு குறையும், சரிவு இழுக்கும். கிலோமீட்டர் ஆழத்தில் மாதக்கணக்கில் மெல்ல நடப்பது, ஐந்து பத்து மீட்டர் ஆழத்தில் சில மணி நேரத்தில் முழு பலத்தோடு நடக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் ஒரே நாளில் 600 மி.மீ.க்கு மேல் மழை; மேலே மலை சரிந்து லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மூடியது, 70 பேர், ஏறக்குறைய எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பங்கள் ஒட்டுமொத்தமாகப் போயின. அன்றைக்கு எந்த நிலநடுக்கமும் இல்லை. 2024 ஜூலை 30 வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இதேதான், இன்னும் பெரிதாக.

வயநாட்டில் அதற்குப் பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, பல ஊர்களில் தரைக்கு அடியிலிருந்து முழக்கம் கேட்டதாக மக்கள் வெளியே ஓடினார்கள். நிலநடுக்கமானிகளில் எதுவும் பதிவாகவில்லை. நிலை குலைந்திருந்த பாறைகள் நகர்ந்து அமர்ந்ததால் வந்த சத்தமாக இருக்கலாம் என்றார்கள். நிலநடுக்கம் இல்லை என்றதும் பலர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அந்த நிம்மதிதான் கவலையாக இருக்கிறது. மழையில் ஊறிய சரிவில் தரைக்கு அடியில் சத்தம் கேட்டால், அது நிலநடுக்கம் இல்லை என்பது இன்னும் மோசமான செய்தியாக இருக்கக்கூடும். இடுக்கியில் மண்ணுக்குள் குழாய் மாதிரி அரித்துப் போகும் சாயில் பைப்பிங் பல இடங்களில் ஆய்வாளர்கள் பதிவு செய்த ஒன்று. மேலே ஏலச்செடி பசுமையாக நிற்கும், அடியில் மண் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் மழை நாளில் பார்க்க வேண்டியவை வேறு. வீட்டுக்கு மேலே சரிவில் புதிதாகப் பிறை வடிவில் வெடிப்பு விட்டிருக்கிறதா, தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கி வருகிறதா, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்துவிட்டதா (மேலே எங்கோ மண் சரிந்து தடுத்திருக்கலாம், உடைந்தால் மொத்தமாக வரும்), மரமும் மின்கம்பமும் சாய்கின்றனவா, கதவு சட்டத்தில் புதிதாக இறுகுகிறதா, முற்றத்தில் குழி விழுந்து தண்ணீர் உள்ளே போய் மறைகிறதா. இதில் ஒன்றைக் கண்டாலும் ஆட்களை முதலில் நகர்த்திவிட்டு அப்புறம் கிராம அலுவலகத்துக்கும் 1077 எண்ணுக்கும் சொல்லுங்கள். இரவு மழை கனத்தால், ஓடை வாயிலும் சரிவின் அடியிலும் இருக்கும் லயங்களில் தூங்குகிறவர்களை இருட்டுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ மாற்ற வேண்டும். பெட்டிமுடியில் மலை இறங்கியபோது மணி இரவு பத்தைத் தாண்டியிருந்தது.